கல்லேன் கோட்டை: ராபர்ட் ஆடமின் ஒரு படிக்கட்டுக்காகவே டிக்கெட் எடுக்கலாம்

ஸ்காட்லாந்து பார்க்க வருகிறவர்கள் எடின்பரோ கோட்டையில் ஏறி இறங்கி, லாக் நெஸ் ஏரிக்கு ஒரு பஸ் பிடித்து, அத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கையில் இன்னும் ஒரு நாள் இருந்தால் அதை அயர்ஷயர் கடற்கரையில் இருக்கும் கல்லேன் கோட்டைக்கு ஒதுக்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயர்தான் கோட்டை. உண்மையில் அது ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் தன் கடைசிப் பதினைந்து வருடங்களில் கட்டிய பெரிய வீடு. உள்ளே போனால் நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. முழு டிக்கெட் பணத்தையும் அந்தப் படிக்கட்டு ஒன்றுக்கே கொடுக்கலாம்.

கிளாஸ்கோவில் கட்டடப் பொறியாளர் அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுவது என் வேலை. நாள் முழுக்கப் படிக்கட்டு, தூண், உத்தரம் என்று கோடு இழுத்துக்கொண்டிருப்பவளுக்கு இந்த வீட்டின் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் வருவது இயல்புதான். ஆனால் என்னோடு வந்த மாமியாருக்குக் கட்டடக் கலையில் எந்த அக்கறையும் கிடையாது. அவரும் ரசித்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் போகும் வழி. கிளாஸ்கோ சென்ட்ரலில் இருந்து அயர் ஊருக்கு ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து கடற்கரை ஓரமாகக் கர்வன் வரை போகும் பஸ்ஸில் ஏறி, கோட்டை வாசலில் இறக்கிவிடச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் Culzean என்று எழுதும் பெயரில் இருக்கும் 'இசட்' ஒலிக்காது, கல்லேன் என்றே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். வாசலில் இருந்து வீட்டுக்கு ஒரு மைலுக்குக் குறையாத நடை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கார் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. காற்று பலமாக அடிக்கும், ஜூலையானாலும் ஜாக்கெட் வேண்டும். இடம் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அங்கே உறுப்பினராக இருந்தால் நுழைவு இலவசம். மற்றவர்களுக்குக் கட்டணம் வருடத்துக்கு வருடம் மாறுவதால் கிளம்புமுன் இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

சரி, யார் இந்த ஆடம்? 1728-ல் கர்கோடி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரிந்த ஆடம் ஸ்மித்தும் அதே ஊரில் 1723-ல் பிறந்தவர்தான். அப்பா வில்லியம் ஆடம் அன்றைய ஸ்காட்லாந்தின் பெரிய கட்டடக் கலைஞர், கட்டட ஒப்பந்ததாரர். ராபர்ட் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, 1745-ல் அரசருக்கு எதிரான கலகம் வந்து படிப்பு நின்றது. 1748-ல் அப்பா போனதும் அண்ணன் ஜானோடு சேர்ந்து தொழிலைப் பார்த்தார். இன்வர்னஸ் பக்கத்தில் ராணுவத்துக்காக ஜார்ஜ் கோட்டை கட்டும் வேலையில் வந்த பணம் அவரை இத்தாலிக்கு அனுப்பியது.

1755 முதல் 1757 வரை ரோமில் இருந்தார். கிளெரிஸோ என்ற பிரெஞ்சுக்காரரிடம் வரையக் கற்றார். இடிபாடுகளை வரைவதில் பெயர் பெற்ற பிரானேசி அவருக்கு நண்பரானார். ஊருக்குத் திரும்புமுன் ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, இன்று ஸ்ப்ளிட் என்று அழைக்கப்படும் ஊருக்குப் போனார். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வு பெற்ற பிறகு வாழ்ந்த அரண்மனை அங்கே இருந்தது. கிளெரிஸோவும் இரண்டு வரைவாளர்களும் அவருமாக நான்கு பேர். ஐந்தே வாரத்தில் அந்த அரண்மனை முழுவதையும் அளந்து வரைந்து முடித்துவிட்டார்கள். ஊரின் காவல் அரண்களை வேவு பார்க்கிறார்களோ என்று அங்கிருந்த வெனிஸ் ஆளுநருக்குச் சந்தேகம் வேறு. இடைஞ்சல்களுக்கு நடுவில் ஐந்து வாரத்தில் இத்தனை பெரிய இடத்தை அளந்து முடிப்பது என்ன வேலை என்று, அளவு நாடாவைப் பிடித்து நின்ற யாருக்கும் தெரியும். 1764-ல் அதைப் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார்.

ரோமர்களின் கோயில்களைத்தான் மற்றவர்கள் அளந்தார்கள். ஆடம் தேடியது அவர்கள் குடியிருந்த வீட்டை. வட்ட அறையை அடுத்து சதுர அறை, அதை அடுத்து அரைவட்டச் சுவர் கொண்ட அறை என்று மாறி மாறி வருவதை அங்கே பார்த்தார். திரும்பி வந்து லண்டனில் கடை விரித்த பிறகு அவர் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. ஸ்ப்ளிட் அரண்மனையின் ஒரு முகம் அப்படியே கடலைப் பார்த்து நிற்கும். முப்பது வருடம் கழித்துக் கல்லேனில் கடலோரப் பாறை விளிம்பில் வட்டக் கோபுரத்தை அவர் நிறுத்தியபோது அது மனதில் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

நடுவில் எல்லாம் நேர்க்கோடாகப் போகவில்லை. 1761-ல் அரசரின் கட்டடக் கலைஞர்கள் இருவரில் ஒருவரானார். கெடில்ஸ்டன், சையான், ஆஸ்டர்லி, கென்வுட் என்று பெரிய பெரிய வீடுகள் கையில் வந்தன. 1768-ல் தேம்ஸ் கரையில் அடெல்ஃபி என்ற குடியிருப்பைச் சகோதரர்கள் சேர்ந்து சொந்தப் பணத்தில் தொடங்கினார்கள். 1772-ல் வங்கிகள் சரிந்தபோது அந்தத் திட்டம் கழுத்தை நெரித்தது. 1774-ல் லாட்டரி நடத்தி அதில் இருந்து வெளியே வந்தார்கள். அதன் பிறகு லண்டனில் அவருக்குப் பழைய செல்வாக்கு இல்லை. அப்போதுதான் அவர் திரும்பவும் ஸ்காட்லாந்தின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். கல்லேன் வேலை தொடங்கியது 1777-ல்.

இப்போது வீட்டுக்கு வருவோம். வரும் வழியில் ஒரு பாழடைந்த வளைவு வாசல் நிற்கிறது. காலத்தால் பாழானது அல்ல, பாழடைந்த மாதிரியே கட்டியது. அதைத் தாண்டிப் பள்ளத்தின் மேல் போகும் பாலம் வழியாக முன்முற்றத்துக்கு வருகிறோம். எதிரே கோபுரங்கள், கொத்தளம், அம்பு விடும் துளைகள். பார்க்கப் போர்க்கோட்டை. கொஞ்சம் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சரிசமமாக இருப்பது தெரியும். நிஜக் கோட்டை அப்படி இருக்காது, அது பாறை போன போக்கில் வளரும். முன்னேயும் பின்னேயும், உயர்ந்தும் தாழ்ந்தும் பகுதிகள் அமைவதை ஆடம் 'அசைவு' என்று சொல்வார். மலையும் பள்ளமும் நிலக்காட்சிக்குத் தருவதைக் கட்டடத்துக்கு அந்த அசைவு தருகிறது என்று 1773-ல் சகோதரர்களின் வேலைகளைத் தொகுத்து வெளியிட்டபோது எழுதினார். அதைப் படித்துவிட்டு இந்த முகப்பைப் பார்த்தால் புரியும். நிலத்துப் பக்கத்தைவிடக் கடற்பக்கத்து முகப்புதான் எனக்குப் பிடித்தது. அதைப் பார்க்கக் கீழே கடற்கரைக்கு இறங்க வேண்டும். அலை வற்றியிருக்கும் நேரம் பார்த்து இறங்குங்கள்.

உள்ளே முதலில் ஆயுத அறை. நூற்றுக்கணக்கான கைத்துப்பாக்கிகளையும் வாள்களையும் சுவரில் வட்ட வட்டமாகப் பொருத்தியிருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். நான் நிற்கவில்லை.

அடுத்துதான் அந்தப் படிக்கட்டு. அது ஏன் அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இரண்டு மடங்கு ரசிக்கலாம். இந்த வீட்டை ஆடம் ஒரே மூச்சில் கட்டவில்லை. கென்னடி குடும்பத்தின் பழைய கோபுர வீடு ஒன்று ஏற்கெனவே இங்கே இருந்தது. 1777-ல் அதைச் சுற்றித் தெற்கு முகப்பைச் சரிசெய்தார். வீட்டுக்காரரான காசிலிஸ் பிரபு டேவிட் கென்னடிக்கு அது போதவில்லை. 1785-ல் பாறை விளிம்பில் வடக்கு முகப்பும் வட்டக் கோபுரமும் எழுந்தன. இப்போது பழைய வீட்டுக்கும் புதிய கட்டடத்துக்கும் நடுவில் இருண்ட முற்றம் ஒன்று மாட்டிக்கொண்டது. நான்கு பக்கமும் அறைகள், வெளிச்சம் வர வழியில்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஓர் இடம் மிஞ்சினால் குழாய்களையும் லிப்டையும் அதில் வைத்து மூடிவிடுவோம். 1787-ல் ஆடம் வீட்டின் மிக அழகான பொருளை அங்கே வைத்தார். முற்றம் நீளவாக்கில் இருந்ததால் வட்டத்தை விட்டு நீள்வட்டத்தை எடுத்தார். உச்சியில் கண்ணாடிக் கூரை போட்டார். இருட்டாகக் கிடந்த நடு இடம், எல்லா அறைகளுக்கும் வெளிச்சமும் வழியும் கொடுக்கும் இடமாக மாறிவிட்டது.

கீழே ஒற்றைப் படிவரிசையாக ஏறி, நடுவில் இரண்டாகப் பிரிந்து, சுவரோடு வளைந்து முதல் மாடிக்குப் போகிறது. சிவப்புக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக ஏறுங்கள். வட்டமான படிக்கட்டு என்றால் எல்லாப் படியும் ஒரே அளவு ஆப்பு வடிவம், ஒரு அச்சு வெட்டினால் எல்லாவற்றுக்கும் ஆகும். நீள்வட்டத்தில் வளைவு ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். அதனால் பக்கத்துப் படி இந்தப் படி மாதிரி இருக்காது. ஒவ்வொரு கால்வட்டத்துக்குள்ளும் படிகளின் கோணம் மாறிக்கொண்டே போகும். இன்று கணினியில் நான் அதை வரைய ஒரு காலை போதும். அன்று தரையில் முழு அளவில் கோடு போட்டு, படிக்குப் படி பலகை அச்சு செய்து, கல்லில் வெட்டியிருக்க வேண்டும். கைப்பிடியும் அதே மாதிரி, எங்கேயும் ஒரே வளைவு இல்லை. ஆனால் உள்ளங்கைக்கு ஒரு முடிச்சு, ஒரு திருப்பம் தட்டுப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை தடவிப் பார்த்தேன்.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. கிளாஸ்கோவில் எங்கள் வீட்டுப் படியிலேயே இரண்டு முறை நிற்பார். இங்கே பேசிக்கொண்டே மேலே வந்துவிட்டார். "படி ஏறின மாதிரியே தெரியலையேம்மா" என்றார். படி உயரம் குறைவு, கால் வைக்கும் அகலம் அதிகம். நீண்ட பாவாடையும் கனத்த உடையுமாக விருந்துக்கு வரும் பெண்கள் குனியாமல், காலைத் தேடாமல் ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த உயரம் அது. "இப்படிக் கட்டிக் குடுத்தா நானும் மாடியில இருப்பேன்" என்று அவர் சொன்னது எனக்கு எந்தப் பாராட்டையும்விடப் பெரிதாகப் பட்டது.

மேலே நின்றபோது அறைக் காவலர் ஒருவர் தூண்களைப் பார்க்கச் சொன்னார். ரோமர்கள் மாடிக்கு மாடி தூண் வைத்தால் ஒரு வரிசை உண்டு: கீழே பருத்த டோரிக், அதன் மேல் சுருள் தலை வைத்த அயோனிக், உச்சியில் இலை தலை வைத்த கொரிந்தியன். இங்கே ஆடம் அதைத் தலைகீழாக்கிவிட்டார். முதல் மாடியில் கொரிந்தியன், அதற்கு மேல் அயோனிக். விருந்து அறைகள் இருக்கும் தளம் முதல் மாடிதான், ஆகவே ஆடம்பரமான தூண் அங்கே. மேல் தளத்துக்குச் சிறிய, எளிய தூண் போனதால் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு உயரம் கூடித் தெரிகிறது என்று விளக்கினார். டயோக்ளீஷியன் அரண்மனையின் ஒவ்வொரு கல்லையும் அளந்து வந்தவர், விதியை மீற வேண்டிய இடம் எது என்று தெரிந்து மீறியிருக்கிறார். இலக்கணம் தெரியாதவன் செய்தால் இது பிழை. காவலர் அவசரமே இல்லாமல் பேசினார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இங்கே பணம் வாங்கிக்கொண்டு ஒலிக்கருவி மாட்டிவிடுவதைவிட இப்படி ஆள் நிற்பது எவ்வளவோ மேல்.

படிக்கட்டில் இருந்து வரவேற்பு அறைக்குள் போவதைச் சும்மா கடந்துவிடாதீர்கள். நீள்வட்டத்தில் இருந்து வட்டத்துக்குள் நுழைகிறீர்கள். வடக்குக் கோபுரத்தின் முதல் மாடி முழுவதும் ஒரே வட்ட அறை. சன்னல்களுக்கு வெளியே எதுவுமே இல்லை. பாறை நேராகக் கீழே இறங்கி, கிளைட் கடல்முகம் விரிந்து கிடக்கிறது. வானம் தெளிந்திருந்தால் ஆரன் தீவின் மலைகள் தெரியும், தெற்கே அய்ல்ஸா கிரெய்க் என்ற ஒற்றைப் பாறைத் தீவு. (பனியில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் ஆட்டத்துக்குக் கல் எடுக்கும் இடங்களில் அந்தத் தீவும் ஒன்று.) நாங்கள் போன அன்று மழை கிடைமட்டமாக அடித்தது, சன்னல் கண்ணாடி நடுங்கியது. உள்ளே தலைக்கு மேல் வெளிர் நிறங்களில், விரல் தடிமன்கூட இல்லாத சுதை வேலை, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். தரைக் கம்பளமும் அந்த வட்டத்தையே திருப்பிச் சொல்கிறது. வெளியே அத்தனை முரட்டுக் கடல், உள்ளே இத்தனை மென்மை. இரண்டையும் பிரிப்பது ஒரு சன்னல். வீட்டுக்கு வெளியே கோட்டை வேஷம் எதற்கு என்ற கேள்வி எனக்கு இங்கே வந்ததும் அடங்கிவிட்டது. அந்தப் பாறைக்கு வெளியே முரடாகத்தான் நிற்க முடியும்.

மற்ற அறைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1877-ல் மேற்குப் பக்கம் ஒரு புதிய கட்டடப் பகுதியைச் சேர்த்து, உள்ளே சில அறைகளையும் மாற்றினார்கள். அந்த வேலையில் குறை இல்லை, ஆனால் ஆடமின் கணக்கு அதில் இல்லை. அறைக்கு அறை நடக்கும்போதே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. 1945-ல் குடும்பம் வீட்டை அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது, மேல் தளத்தை அமெரிக்கத் தளபதி ஐசனோவருக்கு அவர் ஆயுள் வரை ஒதுக்கச் சொன்னார்கள், போரில் அவர் செய்ததற்கு நன்றியாக. இப்போது அங்கே பணம் கட்டித் தங்கலாம். எங்கள் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்தின் பழைய 5 பவுண்டு தாள் கைவசம் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இந்தக் கோட்டைதான்.

சாப்பாட்டுக்கும் கடைக்கும் வெளியே வர வேண்டும். அவை இருப்பது பண்ணைக் கட்டடத்தில், அதுவும் ஆடம் வரைந்ததே. மாட்டுக்கும் தானியத்துக்கும் கட்டிய இடத்துக்குக்கூட நடுவில் முற்றம், பக்கத்துக்கு ஒரு வளைவு வாசல் என்று ஒழுங்கு வைத்திருக்கிறார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காய்கறி சூப்பும் ரொட்டியும் கிடைத்துவிடும், ஸ்கோனும் டீயும் உண்டு. சூடாக இருந்தது, அந்த மழைக்கு அது போதும். மாமியார் கையோடு கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் புல்வெளியில் சாப்பிடும் திட்டம் மழையால் காரில் முடிந்தது. சுற்றிலும் சுமார் 600 ஏக்கர் பூங்கா. காடு, அன்னக் குளம், சுவர் சூழ்ந்த தோட்டம் எல்லாம் இருக்கிறது. வெயில் நாளில் குழந்தைகளோடு வந்தால் வீட்டைவிடத் தோட்டத்திலேயே பொழுது போய்விடும்.

ஒன்று மட்டும் இங்கே கிடைக்காது. ஆடமின் சொந்தக் கையால் வரைந்த வரைபடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஆடம் அலுவலகத்தின் ஏறக்குறைய 9,000 வரைபடங்களை 1833-ல் கட்டடக் கலைஞர் சோன் வெறும் 200 பவுண்டுக்கு வாங்கினார். வரைபடம் போட்டுப் பிழைக்கிற எனக்கு அந்தத் தொகையைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கல்லேனுக்காக வரைந்தவையும் அதில் உண்டு.

கட்டணம் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வீட்டைச் சொல்கிறேன். இங்கிருந்து சில மைல் உள்ளே தள்ளி டெய்லி என்ற ஊர்ப் பக்கம் டல்காரன் கோட்டை இருக்கிறது. அதே காலத்தில் அதே ஆடம், இன்னொரு கென்னடிக்குக் கட்டியது. அந்தக் கென்னடி ஆடமின் அண்ணன் மகளைக் கட்டியவர். 1967-ல் வீட்டு வரியைத் தவிர்க்கக் கூரையைக் கழற்றிவிட்டார்கள். இன்று சுவர்கள் மட்டும் நிற்கின்றன, உள்ளே மரம் முளைத்திருக்கிறது. அங்கேயும் நடுவில் அவர் ஒரு படிக்கட்டு வைத்திருந்தார். கல்லேன் கூரையின் கண்ணாடியில் ஒழுகல் இல்லாமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்று தொழில் காரணமாக எனக்கு ஓரளவு தெரியும். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு உறுத்தவே இல்லை.

ஆடம் 1792 மார்ச்சில் லண்டனில் இறந்தார், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் மட்டும் எட்டுப் பொதுக் கட்டடங்களும் இருபத்தைந்து தனியார் கட்டடங்களும் வரைந்திருந்தார் என்று அன்றைய பத்திரிகை எழுதியது. அதே வருடம் டிசம்பரில் காசிலிஸ் பிரபுவும் போய்விட்டார். வீடு நியூயார்க்கில் குடியேறியிருந்த தூரத்து உறவினரான ஒரு கடற்படைக் கேப்டனுக்குப் போனது. கட்டச் சொன்னவரும் கட்டியவரும் அதை முழுதாக அனுபவிக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் பூங்கா திறந்திருக்கும், வீட்டுக்குள் விடமாட்டார்கள், தேதியைச் சரிபார்த்துக் கிளம்புங்கள். காலையில் திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள், சுற்றுலாப் பேருந்துகள் வந்த பிறகு படிக்கட்டில் நிற்க இடம் இருக்காது. சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்து வரை வர முடியாமல் லண்டனோடு திரும்புகிறவர்கள் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் இருக்கும் கென்வுட் வீட்டுக்குப் போகலாம். அதன் நூலக அறை ஆடமின் கைவேலை, நுழைவுக் கட்டணமும் கிடையாது. எடின்பரோவில் இருப்பவர்களுக்கு ஷார்லட் சதுக்கம் இருக்கிறது, 1791-ல் அவர் வரைந்த முகப்பு. அங்கே ஏழாம் எண் வீட்டைப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் கல்லேனைத்தான் சொல்வேன்.